சர்க்கரை சேர்க்காதது

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஜான்சி அக்கா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். இந்தத் தவக்காலத்துக்கு யார் எதை விடப் போகிறீர்கள்? அன்பியம் என்றால் வேறொன்றும் இல்லை, எங்கள் தெருவின் இருபது கிறிஸ்தவக் குடும்பங்கள். மாதம் இரண்டு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கலைவோம். ஒருவர் கறி என்றார். ஒருவர் சீரியல் என்றார். ஆல்பர்ட் பீடி என்றான். ஆல்பர்ட் வருஷா வருஷம் பீடியைத்தான் விடுகிறான், நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் மறுபடி பற்றவைத்தும் விடுகிறான்.

என் முறை வந்தது. "சர்க்கரை" என்றேன். கூடமே சிரித்தது.

சிரிக்கத்தான் செய்வார்கள். உப்பு லாரி ஓட்டுகிற சகாயநாதனுக்கு டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை வேண்டும் என்பது மரக்காணத்தில் தெரியாத ஆள் கிடையாது. சடையப்பன் டீக்கடையில் என் டீயை ஆற்றும்போதே "பாயசம் ரெடி" என்று குரல் கொடுப்பார். லோடு இறக்கப் போகிற ஊர்களில் எந்தக் கடையில் அல்வா நன்றாக இருக்கும், எங்கே ஜிலேபி சூடாகக் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"டீயில போடுற சர்க்கரை மட்டுமா, இல்ல லட்டு மைசூர்பாகு எல்லாமா?" என்று ஜான்சி அக்கா கேட்டார்.

"எல்லாம்தான்கா. வெல்லம், கருப்பட்டி, தேன் கூட கெடையாது. ஞாயித்துக்கிழமையும் தொட மாட்டேன்."

ஞாயிறு தவக்காலத்தில் சேராது, விட்டதை அன்று ஒருநாள் தொட்டுக்கொள்ளலாம் என்று எங்கள் பக்கம் ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகையும் எனக்கு வேண்டாம் என்றதும்தான் சிரிப்பு நின்றது. ஆண்டவருக்காக என்று வாய் சொன்னது. மனசு சொன்ன பெயர் லீமா.

லீமா என் மனைவி. ஆறு வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாதம் வருவாள். அந்த மாதத்தில் பாதி உறவுக்காரர்களைப் பார்ப்பதிலேயே போய்விடும், மீதியில் பாதி நாளை எண்ணுவதில் போய்விடும். மற்ற நாட்களில் எங்கள் குடும்ப வாழ்க்கை சாயங்காலம் ஆறு மணிக்கு நடக்கும். இங்கே ஆறு என்றால் அங்கே மூன்றரை. அவளுடைய மேடம் தூங்குகிற நேரம். ஃபோனில் அவள் முகம் வரும். என்ன சாப்பிட்டீங்க என்பாள். சட்டையைத் துவைத்தீங்களா என்பாள். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்போம். அதற்கும் நெட் தீர்ந்துகொண்டுதான் இருக்கும்.

ஐம்பது வயதை நெருங்குகிறவன் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. கட்டிலில் அவள் பக்கம் நான் உருண்டு போவதில்லை. அவள் தலைவலி வந்தால் தடவும் தைல பாட்டில் காலியாகி மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் அதைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். இந்த லட்சணத்தில் லாரியில் மட்டும் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒருநாள் லீமா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "இங்க டிரைவர் ஊருக்கே போயிடறாராம். மேடம்கிட்ட உங்களைப் பத்திச் சொன்னேன். ஈஸ்டர் முடிஞ்சதும் மெடிக்கல் எடுத்து அனுப்பச் சொல்றாங்க. பாஸாயிட்டா நீங்க இங்கதான்."

அந்த வீட்டில் டிரைவருக்குப் பின்பக்கம் கார் ஷெட்டை ஒட்டி ஓர் அறை. சமையலறைக்கும் அதற்கும் நடுவே ஒரு சின்ன முற்றம்தான். அவள் கூப்பிட்டால் ஃபோன் இல்லாமலே எனக்குக் கேட்கும். அன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன், அனுமந்தையில் நிற்க வேண்டிய வண்டி கூனிமேடு வரைக்கும் போய்விட்டது.

ஒரே ஒரு இடைஞ்சல். ஜனவரியில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று இருபத்து நாலு. "இன்னும் நோய் வரலை, ஆனா வாசல்ல நிக்குது. இனிப்பை நிறுத்துங்க" என்றார் டாக்டர். மெடிக்கலில் அது ஏறியிருந்தால் மேடம் எடுக்க மாட்டார் என்று விசா ஏற்பாடு செய்யும் ஏஜெண்டும் சொல்லிவிட்டான். அதனால்தான் இனிப்பை விடும் அந்த ஒறுத்தல், லீமாவிடம் இதை ஜனவரியிலேயே சொல்லியிருந்தேன். நாற்பது நாள் வாயைக் கட்டினால் லீமா.

விபூதிப் புதனுக்கு மறுநாள் லீமா அனுப்பிய கார்கோ பெட்டி வந்து சேர்ந்தது. சோப்பு, டவல், பாதாம். டவல்களுக்குள் சுற்றி எட்டு பாட்டில்கள். உள்ளே கருஞ்சிவப்பாக, தேன் மாதிரி கெட்டியாக ஏதோ இருந்தது. ஆறு மணிக்கு லீமாவிடம் காட்டினேன்.

"பழச்சாறுங்க. மாதுளை, ஆப்பிள், திராட்சை எல்லாத்தையும் பிழிஞ்சு சுண்டக் காய்ச்சினது. தண்ணி கலந்து குடிங்க. சர்க்கரை சேர்க்கலைன்னு மேலயே எழுதியிருக்குது பாருங்க. இனிப்பு இல்லாம நீங்க எப்படி இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

பாட்டிலில் பெரிய ஆங்கில எழுத்தில் 'நோ ஆடட் சுகர்' என்று போட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தது. அதை யார் படிக்கிறார்கள்? என் பெண்டாட்டி அவ்வளவு தூரத்திலிருந்து என் நாக்கை நினைத்து அனுப்பியிருக்கிறாள், எனக்கு அதுவே போதும்.

ஒறுத்தலை நான் சுத்தமாகக் கடைப்பிடித்தேன். சடையப்பன் கடையில் சர்க்கரை இல்லாத டீ. அவர் கசப்பு மருந்தைக் குடிக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். திண்டிவனத்தில் அல்வாக் கடை வாசலில் லோடு இறக்கியபோது மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆல்பர்ட் மகளுக்குப் பிறந்தநாள் கேக் வந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். லாரியில் மட்டும் இரண்டு லிட்டர் கேன் ஒன்று என் பக்கத்தில் எப்போதும் இருக்கும். அதில் லீமாவின் பழச்சாறு. இரண்டு விரல் உயரம் ஊற்று என்றாள், நான் நாலு விரல் ஊற்றினேன். பழம்தானே? ஆதாம் ஏவாளைத் தவிர யாருக்குப் பழம் கெடுதல் செய்தது?

உப்பளத்தில் லோடு ஏற்ற ஆகும் நேரமெல்லாம் அதைத்தான் குடித்தேன். பங்குனி வெயில். நாலு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், கண்ணைத் திறக்க முடியாது. தாகம் எடுத்தது. குடித்தேன். குடிக்கக் குடிக்க இன்னும் எடுத்தது. ஈசிஆர் ரோட்டில் அரை மணிக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினேன். இத்தனை குடித்தால் இறங்கத்தானே வேண்டும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. "ஏம்பா சகாயம், நல்லா இளைச்சுட்டியே" என்று சடையப்பன் வியந்தார். "ஒறுத்தல்னா அது. பாத்துக் கத்துக்கோங்க" என்று ஜான்சி அக்கா அன்பியத்தில் என்னைக் காட்டிச் சொன்னார். நானும் கூச்சப்படுகிற மாதிரி நடித்துக்கொண்டு பெருமைப்பட்டேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் ஏஜெண்ட் ஃபோன் செய்தான். வெறும் வயிற்றில் இருநூற்று எண்பத்தாறு. அன்ஃபிட்.

வேறு யாருடைய ரத்தமோ என்று அவனிடம் சண்டை போட்டேன். ஃபோனை வைத்துவிட்டு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். என் மகள் கிறிஸ்டி ஈஸ்டர் லீவுக்கு வந்திருந்தாள். பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

"நெசமா ஒண்ணும் தொடலையாப்பா?"

"உங்கம்மா மேல சத்தியமா."

அவள் எழுந்து வீட்டுக்குள் போனாள். டப்பா டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அந்த பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அதிலும் அடியில் கொஞ்சம்.

"இது எத்தனை நாளைக்கு ஒரு பாட்டில்?"

"ஆறு நாளைக்கு. அதுல சர்க்கரை இல்லம்மா. மேலயே போட்டிருக்குது."

அவள் ஃபோனில் அந்தப் பொடி எழுத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கினாள். "சர்க்கரை வெளியில இருந்து சேர்க்கலைன்னுதான்பா போட்டிருக்கான். பழத்துல இருக்குற சர்க்கரை எங்க போவும்? முழுப் பழத்தை மென்னு தின்னா நார் இருக்கும், மெதுவா ஏறும், ஒண்ணு தின்னதும் வயிறு போதும்னு சொல்லிடும். இவன் நாரையும் எடுத்துட்டான், தண்ணியையும் எடுத்துட்டான். மிச்சம் நிக்கிறது சர்க்கரைதான். நூறு மில்லிக்கு அறுபத்தஞ்சு கிராம். நீ குடிச்ச கணக்குக்கு ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு, முப்பது ஸ்பூன் வருதுப்பா."

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். முன்பு ஆறு டீ, நாலு நாலு ஸ்பூன். இருபத்து நாலு. ஆக விட்டதைவிடக் கூடுதலாகத்தான் குடித்திருக்கிறேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல். சிரிப்பு வந்தது. பிறகு மணியைப் பார்த்தேன், ஆறு ஆகியிருந்தது.

"ரிப்போர்ட் வந்துட்டுதா?" லீமா ஃபோனுக்கு அவ்வளவு பக்கத்தில் முகத்தை வைத்திருந்தாள், கண்ணும் நெற்றியும்தான் தெரிந்தது.

சொன்னேன். எண்ணைக் கேட்டாள், எண்ணையும் சொன்னேன்.

"அது எப்படி ஆவும்? நாப்பது நாளு சர்க்கரையே தொடலையே நீங்க."

பாட்டில் என் முன்னால் படியில் நின்றது. ஃபோனைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். டவலில் சுற்றி, உடையாமல் இருக்க ஓரத்தில் துணி திணித்து, எட்டு பாட்டிலையும் அவள் அடுக்கியது எனக்குக் கண்ணில் வந்தது. நீ அனுப்பியதுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? அங்கே அவளைத் தேற்ற யார் இருக்கிறார்கள்?

"தொட்டேன்" என்றேன். "திண்டிவனத்துல அல்வா. பாண்டியில லட்டு. யாருக்கும் தெரியாம."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அவள் திட்டவில்லை.

"அப்ப உங்களுக்கு வர இஷ்டமில்ல" என்றாள் மெதுவாக.

"ஐயோ லீமா, அப்படி இல்ல..."

"நாப்பது நாளு. நாப்பதே நாளு உங்களால வாயைக் கட்ட முடியல. நான் அந்த ரூமுக்கு ஜன்னல் திரை கூடத் தெச்சு வெச்சிட்டேன்."

ஃபோன் அணைந்துவிட்டது. கிறிஸ்டி கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்பா பொய் சொன்ன?"

"அவ ஆசையா அனுப்புனதும்மா அது. அதைப் போயி..."

"அதைக் கேட்டிருந்தா அம்மா ஒரு நாள் அழுதிருக்கும். நீ சொன்னது அதைவிட மோசம்பா. உனக்கு அம்மா வேணாம்னு சொல்லிட்ட."

மறுநாள் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஞாயிறும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கப் போனேன். ஜூஸ் கதையைக் கேட்ட டாக்டர், "அது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வாசல்ல நின்னது. இது கையைப் புடிச்சு உள்ள கூட்டியாந்துட்டுது" என்றார். கொய்யாவோ ஆப்பிளோ முழுசாக ஒன்று சாப்பிடு, பிழிந்து காய்ச்சியதைக் குடிக்காதே என்றார். தலையாட்டினேன். கொய்யாவா எனக்குப் பிரச்சினை? அந்த ஆறு மணி இல்லாமல் ஒரு நாள் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வந்தால் கை தானாக ஃபோனை எடுக்கும். எடுத்து வைக்கும்.

செவ்வாய்க்கிழமை பாட்டிலின் பொடி எழுத்தைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். கூடவே குரலிலும் பேசி அனுப்பினேன். நான் பேச்சாளன் இல்லை. திக்கித் திக்கித்தான் வந்தது. அல்வாவும் லட்டும் பொய், நான் ஒரு பருக்கை சர்க்கரை தொடவில்லை, நீ அனுப்பியதைத்தான் குடித்தேன், அதில் இவ்வளவு இருக்கிறதென்று உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, உன் மனசு கஷ்டப்படும் என்று மறைத்தேன், வர இஷ்டமில்லை என்று மட்டும் சொல்லாதே, நான் கேட்டதெல்லாம் அந்த ஒரு முற்றம்தான்.

இரண்டு நிமிஷத்தில் ஃபோன் அடித்தது. அழுவாள், தேற்றலாம் என்று எடுத்தேன். அழவில்லை.

"என்ன லீமா?"

"நானும் அதைத்தாங்க குடிக்கிறேன்."

"எதை?"

"அந்த பாட்டிலை. உங்களோட சேந்து நானும் சர்க்கரையை விட்டேன். ஒறுத்தலை வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லல. உங்களுக்கு வாங்கறப்பவே எனக்கும் வாங்கிட்டேன். நீங்க அங்க குடிப்பீங்களே, அந்த நேரத்துக்கு நானும் ஒரு கிளாஸ். அப்புறம் சமையல்கட்டு சூட்டுக்கு ரெண்டு, மூணு. ஈஸ்டர் முடிஞ்சும் விடல, பழக்கமாயிட்டுது."

"தாகம் எடுக்குதா உனக்கு?" என்றேன்.

"எடுக்குது. ஏசியிலயே இருக்கிறதால நாக்கு வறண்டுடுதுன்னு நெனச்சேன்."

"ராத்திரியில எத்தனை தடவை எழுந்திரிக்கிற?"

அவள் யோசித்தாள். "நாலு" என்றாள். "உடம்பு நல்லா இளைச்சிருக்குதுன்னு மேடம்கூடச் சொன்னாங்க."

நாளைக்கே வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடு என்றேன். மேடம் திட்டினால் திட்டட்டும், போ என்றேன். அந்த பாட்டிலை இப்போதே சிங்க்கில் ஊற்று, சத்தம் எனக்குக் கேட்க வேண்டும் என்றேன். ஊற்றினாள். கெட்டியான சாறு, நிதானமாக இறங்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் உப்பளத்தில் லோடு ஏறிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவள் ஒருபோதும் கூப்பிட்டதில்லை. லாரி நிழலுக்குப் போய் நின்று எடுத்தேன்.

"எரநூத்தி நாப்பது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். "உங்களைவிடக் கொறச்சல்தான். மாத்திரை குடுத்திருக்காங்க." பிறகு, "மேடம் வேற டிரைவரைப் பேசிட்டாங்க. மலையாளத்துக்காரரு, இங்கயே வேற வீட்டுல இருந்தவரு. நேத்தே வந்துட்டாரு. ரூம்ல அந்தத் திரையை அவர்தான் மாட்டிக்கிட்டிருந்தாரு" என்றாள்.

நாலு மாதமாக மனசுக்குள் நான் குடியிருந்த அறை அது. ஆனால் அப்போது எனக்கு அந்த அறை போனது வலிக்கவில்லை. அவள் தனியாக மாத்திரை போட்டுக்கொள்வாள், தலை சுற்றி விழுந்தால் சமையலறைத் தரையில் தனியாகத்தான் கிடப்பாள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. கிறிஸ்டிக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, வீட்டு மாடி பாதியில் நிற்கிறது என்றெல்லாம் ஆறு வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்த காரணங்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை.

"நா வரல லீமா" என்றேன். "நீ வந்துடு."

"என்னது?"

"வந்துடு. அங்க போதும். நம்ம வீட்டுக்கு வந்துடு."

அவள் அழத் தொடங்கினாள். இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ முறை அழுதிருக்கிறாள், இப்படி ஒருநாளும் அழுததில்லை.

"எல்லாரும் அது அனுப்பு, இது அனுப்புன்னுதான் சொன்னீங்க" என்றாள். "நானும் அனுப்பிக்கிட்டே இருந்தேன். வான்னு நீங்க இப்பதாங்க சொல்றீங்க."

லோடு ஏற்றியவர்கள் வண்டி ரெடி என்று கை காட்டினார்கள். இருங்கள் என்று கையமர்த்திவிட்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் "வந்துடு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.